முயலுக்கு ஒரு நியாயம், எலிக்கு ஒரு நியாயம்

அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சிமெண்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும்தான் ஞாபகத்துக்கு வரும். சுற்றுவட்டாரமோ பருத்தி, மக்காச்சோளம், முந்திரி என்று காட்டை நம்பிப் பிழைப்பது. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்கும் முந்திரித் தோப்பில் சருகு கூட்டுகிறவருக்கும் இருக்கிற பெரிய பயம் ‘பூச்சி’. இருட்டில் பாம்பு என்று பெயர் சொல்ல மாட்டார்கள். கடித்துவிட்டால் அரசு மருத்துவமனையில் ஏற்றுகிற மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்தது, எலிகளின் மேல் சோதித்தது. விலங்குகளை வைத்து மருந்தைச் சோதிப்பது தகுமா என்று பேசுகிறவர்கள் இந்தக் குப்பியிலிருந்து தொடங்குவது நல்லது. கன்னத்தில் பூசுகிற க்ரீமிலிருந்து தொடங்கினால் தீர்ப்பு ரொம்பச் சுலபமாகிவிடும்.

க்ரீம் வழக்கை இரண்டு வரியில் முடித்துவிடலாம். 1944-இல் அமெரிக்காவில் ஜான் டிரெய்ஸ் வகுத்த முறைப்படி, முயலை அசையாமல் கட்டிவைத்து அதன் கண்ணில் பொருளை விட்டு, எவ்வளவு சிவக்கிறது, எவ்வளவு புண்ணாகிறது என்று மதிப்பெண் போட்டார்கள். உதட்டுச் சாயம் இல்லாமல் யாரும் செத்ததில்லை. அழகுசாதனச் சோதனையை இந்தியா 2014-இல் தடை செய்தது. அப்படிச் சோதித்தவற்றை இறக்குமதி செய்வதையும் அதே ஆண்டில் நிறுத்தியது. சரியான முடிவு.

பாம்புக்கடி மருந்து அப்படியல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம், நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் விஷம் எடுத்து மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கிறது. கம்பெனி அதைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஊசி போடுகிறது. குதிரையின் உடம்பில் எதிர்ப்பு ஊறியதும் இரத்தத்தை எடுத்துப் பிரித்து மருந்தாக்குகிறது. ஒரு மில்லி மருந்து 0.6 மில்லிகிராம் நல்லபாம்பு விஷத்தை முறிக்கும் என்று குப்பியின் சீட்டில் அச்சாகியிருக்கும். அந்த 0.6 எங்கிருந்து வந்தது? விஷத்தையும் மருந்தையும் வெவ்வேறு அளவில் கலந்து எலிக் கூட்டங்களுக்கு ஏற்றி, ஒரு நாள் கழித்து எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று எண்ணிப் பார்த்துத்தான்.

கேட்கவே கொடுமைதான். ஆனால் எல்லாக் குதிரையும் ஒரே மாதிரி எதிர்ப்பு கொடுப்பதில்லை. ஒரு தொகுதி மருந்து நன்றாக இருந்தால் அடுத்தது நீர்த்துப் போகலாம். சோதிக்காமல் அனுப்பினால் மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவரே எலியாகிவிடுவார். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். இவர்களிடம் போய் எலியின் உரிமை பற்றி வகுப்பெடுக்க எனக்கு வாய் வராது.

அதற்காக, எலியில் தேறியது மனிதனிலும் தேறிவிடும் என்று நம்பிவிடவும் முடியாது. 2006-இல் லண்டனில் ஒரு புதிய மருந்தை ஆறு ஆரோக்கியமான ஆண்களுக்கு ஏற்றினார்கள். குரங்குகள் அதைவிடப் பல நூறு மடங்கு அளவைத் தாங்கியிருந்தன. இந்த ஆறு பேருக்கோ சில மணி நேரத்தில் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. நம் பாம்புக்கடி மருந்திலும் ஓட்டை உண்டு. இங்குள்ள பாம்புகளின் விஷத்தைக் கொண்டு செய்த மருந்து, நாட்டின் வேறு சில பகுதிப் பாம்புகளிடம் சரியாக எடுபடுவதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சோதனையில் தேறிய மருந்துதான் அதுவும்.

இதைவிட எனக்கு உறுத்துவது ‘வேறு வழியில்லை’ என்ற பேச்சு. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயமுறுத்தியது பலருக்கு நினைவிருக்கும். ஆட்டின் மூளையில் வெறிநோய்க் கிருமியை ஏற்றி, நோய் முற்றியதும் அந்த மூளையை எடுத்துக் கிருமியைக் கொன்று செய்த தடுப்பூசி அது. 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய முறை. நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் இப்படித்தான் தயாரித்தது. ஆடு செத்தது மட்டுமல்ல, மூளைத் திசு கலந்திருந்ததால் ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குப் பக்கவாதமும் வந்தது. ஆய்வகத்தில் வளர்த்த செல்களைக் கொண்டு செய்யும் தடுப்பூசி 1970-களின் இறுதியிலேயே வெளிநாடுகளில் வந்துவிட்டது. இந்தியா ஆட்டு மூளையைக் கைவிட்டதோ 2004 இறுதியில். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் வழி இல்லாமல் இல்லை. பழையது மலிவு, அவ்வளவுதான். குன்னூர் நிறுவனம் பின்னர் மாறிய ‘வெரோ’ என்ற ஆய்வகச் செல் வகையும் ஒரு குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்ததே. ஆனால் ஒரே ஒரு குரங்கு, அதுவும் 1962-இல்.

மறுபக்கமும் உண்டு. 1937-இல் அமெரிக்காவில் டைஎத்திலீன் கிளைகால் கலந்த மருந்து நூறு பேருக்கு மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகுதான், விற்பதற்கு முன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. விலங்குச் சோதனை வேரூன்றியதும் அதையொட்டியே. அதே நஞ்சு 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பில் இருந்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்றது. இதைக் கண்டுபிடிக்க இன்று எலி எதற்கு? ஒழுங்காக நடக்கிற வேதிச் சோதனைக் கூடம் போதும்.

சட்டம் நம்மிடம் நன்றாகவே இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960-இன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்து. அது ஆய்வுக்கு அனுமதி கொடுக்கிறது. கூடவே, தவிர்க்க முடிந்த இடத்தில் தவிர்க்க வேண்டும், சிறு விலங்கு போதுமென்றால் பெரிய விலங்கைத் தொடக்கூடாது என்கிறது. இந்தக் கடைசி விதியில்தான் எலி மாட்டிக்கொண்டது. குதிரைக்கும் குரங்குக்கும் பரிந்து பேச ஆள் உண்டு, எலிக்கு யார்? வலி உடம்பின் அளவைப் பார்த்தா வருகிறது?

2023-இல் திருத்திய மருந்து விதிகள் செல், திசு, கணினி வழிச் சோதனைகளையும் ஏற்றுக்கொள்கின்றன. 2024-இல் இந்திய அறிவியல் கழகமும் அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் நிறுவனமும், குதிரை இல்லாமல் ஆய்வகத்திலேயே உருவாக்கிய ஓர் எதிர்ப்புப் பொருள் நல்லபாம்பு, கட்டுவிரியன் வகை நரம்பு விஷத்தை முறிப்பதாக அறிவித்தன. அதையும் எலியில்தான் சோதித்தார்கள். குதிரை போனாலும் எலி உடனே போகாது.

ஆகவே பாம்புக்கடி மருந்துச் சோதனையை இன்று நிறுத்தச் சொல்பவன் நானல்ல. கேட்பது வேறு. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்குவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 2024-இல் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கிய மாநிலம் இது. டெண்டர் நிபந்தனையில் மூன்றைச் சேர்க்கட்டும்: ஒரு தொகுதிக்கு எத்தனை எலிகள் செலவாயின, குதிரைகளை எந்த நிலையில் வைத்திருக்கிறார்கள், எலியைக் குறைக்கும் மாற்றுச் சோதனைக்கு அந்தக் கம்பெனி இந்த ஆண்டு என்ன செய்தது. பதில் சொல்லாத கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்க வேண்டாம்.