ஒரு வரியில் முந்நூறு பெயர்கள்

ஸ்கேன் செய்த புத்தகம் ஒன்று, முந்நூறு படக் கோப்புகள். பக்கம்1 முதலில் நிற்கிறது. அடுத்தது பக்கம்10, அதற்கடுத்து பக்கம்100. பக்கம்2-ஐத் தேடினால் 112-ஆவது இடத்தில் இருக்கிறது. கணினி எண்ணாகப் பார்க்காமல் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு அடுக்கினால் இப்படித்தான் ஆகும். தீர்வு, எல்லா எண்களையும் 001, 002 என்று மூன்று இலக்கமாக்குவது. மௌஸைப் பிடித்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். லினக்ஸ் டெர்மினலில் ‘ரீநேம்’ இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறது.

பெர்ல் மொழியை உருவாக்கிய லாரி வால் எழுதி, பின்னால் மற்றவர்கள் செப்பனிட்ட சிறிய ஸ்கிரிப்ட் இது. பழைய பெயர், புதிய பெயர் என்று கேட்காமல் ஒரு விதியைக் கேட்கிறது. எஸ் என்ற எழுத்து, பிறகு மூன்று சாய்கோடுகள். முதல் இடைவெளியில் எதைத் தேடுவது, இரண்டாவதில் என்னவாக மாற்றுவது. தேடவேண்டியதை, அடைப்புக்குறிக்குள் பின்சாய்கோடு, டி, கூட்டல் குறி என்று எழுதினால் போதும். அடுத்தடுத்து வரும் இலக்கங்கள் அத்தனையும் பிடிபடும். பிடித்ததை மூன்று இலக்கமாக்க ஸ்பிரிண்ட்எஃப். வரியின் கடைசியில் ஓர் ஈ. மாற்றுப் பகுதியைக் கணக்காக எடுத்துக்கொண்டு செய்துபார் என்று சொல்வது அந்த ஒற்றை எழுத்துதான். அதை விட்டுவிட்டால் ஸ்பிரிண்ட்எஃப் என்ற சொல்லே முந்நூறு பெயர்களிலும் போய் உட்கார்ந்துகொள்ளும்!

ஆனால் நான் ரசிப்பது ஒத்திகையை. மைனஸ் என் சேர்த்து ஓட்டினால் எதுவும் மாறாது. பழைய பெயரும் புதிய பெயரும் அருகருகே திரையில் ஓடும். 9, 10, 99, 100 ஆகிய எல்லைகளில் கண்ணை வைத்தால் போதும், விதி சரியா என்பது தெரிந்துவிடும்.

ஒத்திகை முடிந்து நிஜமாக ஓட்டும்போதும் கோப்பின் உள்ளடக்கத்தை யாரும் தொடுவதில்லை. ஃபோல்டரின் பட்டியலில் உள்ள பெயர் மட்டுமே மாறுகிறது, கோப்பைக் கணினி உள்ளுக்குள் அடையாளம் காணும் ஐநோடு எண்கூட அப்படியே இருக்கிறது. அதனால் 4 ஜிபி சினிமாவுக்கும் இரண்டு வரிக் கடிதத்துக்கும் ஒரே வேகம்.

கோப்பை நகர்த்தவும் பெயர் மாற்றவும் பயன்படும் ‘எம்வி’ கட்டளையை லூப்பில் ஓட்டியும் இந்தப் பெயர்மாற்றத்தைச் செய்யலாம். ஆனால் புதிய பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், எம்வி வழக்கமாகக் கேட்காமலேயே அதை அழித்து எழுதிவிடும். பெர்ல் ரீநேம் மறுத்து நிற்கும். ஃபெடோரா லினக்ஸில் ‘ரீநேம்’ என்ற பெயரில் வருவது வேறொரு கருவி. நேரடியாகச் சொல்லை மாற்றும், விதியெல்லாம் அதற்குப் புரியாது. எனக்கு அது போதவில்லை. டெபியன், உபுண்டு வைத்திருப்பவர்கள் ‘ரீநேம்’ என்ற தொகுப்பை நிறுவிக்கொள்ளலாம். முதல் ஓட்டத்தில் மட்டும் மைனஸ் என்னை மறந்துவிடாதீர்கள்.