உருண்டு திரளும் அலுமினியம்

சுமார் 580 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓர் அலுமினிய உருளை தட்டின் மேல் நிமிர்ந்து நிற்கிறது. பாதி திடம், பாதி திரவம். ஆனாலும் சரியவில்லை, ஒழுகவில்லை. கத்தியை வைத்து அழுத்தினால் தடையில்லாமல் இறங்கி இரண்டு துண்டாக்கிவிடுகிறது. அதே உருளையை அச்சுக்குள் தள்ளினால் குழைந்து ஓடி மூலைமுடுக்கெல்லாம் நிரம்புகிறது. உலோக வார்ப்பில் இதைவிட அழகான காட்சி அரிது.

இந்தக் குணம் தெரியவந்தது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில். பேராசிரியர் மெர்டன் ஃப்ளெமிங்ஸின் ஆய்வு மாணவர் டேவிட் ஸ்பென்சர், உறையும் வேளையில் வார்ப்புகள் ஏன் விரிசல் விடுகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். 15 சதவீதம் ஈயம் சேர்ந்த வெள்ளீயத்தை, ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரு உருளைகளுக்கு நடுவே ஊற்றிச் சுழற்றியபடியே ஆறவிட்டார். இறுகி நின்றுபோயிருக்க வேண்டிய கட்டத்திலும் உலோகம் இளகலாகச் சுழன்றுகொண்டிருந்தது. ஆய்வு 1972இல் வெளியானது.

காரணம் நுண்ணோக்கியில் தெரியும். சும்மா ஆறும் உலோகத்தில் படிகங்கள் கிளைவிட்டு வளர்ந்து ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும். ஐந்தில் ஒரு பங்கு உறைவதற்குள்ளாகவே ஓட்டம் தடுமாறத் தொடங்கும். கலக்கிக்கொண்டே ஆற்றினால் கிளைகள் நிலைப்பதில்லை. துகள்கள் மழுங்கி உருண்டையாகின்றன. மணல்மணலாக உறைந்த நெய்யில் கரண்டியை விட்டுக் கிளறினால் இளகிக் கொடுக்குமே, அந்தக் குணம்தான்: நிறுத்தினால் கெட்டி, அசைத்தால் இளகல். சிலிக்கான் கலந்த அலுமினியத்தின் மெருகேற்றிய வெட்டுமுகத்தில் வெளிர் உருண்டைகள் நெருங்கிக் கிடக்கும். கடைசியில் உறைந்த சிலிக்கான் கலவை அவற்றின் இடுக்குகளில் நுண்ணிய வலையாக ஓடும். பார்க்கப் பார்க்க அலுக்காத கோலம் அது.

இந்த உருண்டைகளுக்கும் காரின் பாதுகாப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வழக்கமான உயரழுத்த டை காஸ்டிங்கில், முழுதும் உருகிய அலுமினியம் நொடிக்கு 30 முதல் 60 மீட்டர் வேகத்தில் அச்சுக்குள் பாய்கிறது. பாய்ச்சலில் சிதறிக் காற்றையும் உள்ளே பூட்டிவிடுகிறது. எஞ்சின் மூடிக்கு அதனால் பெரிய கேடில்லை. சஸ்பென்ஷன் உறுப்பு என்றால் கதை வேறு. அதற்கு வலிமை ஏற்ற 540 டிகிரிக்கு அருகே சூடாக்கி, நீரில் அமிழ்த்தி, மறுபடி மிதமான சூட்டில் பல மணி நேரம் வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் பூட்டிய காற்று விரிந்து மேற்பரப்பில் கொப்புளமாக எழும்பும். வெல்டிங் செய்தாலும் துளைகள் விழும்.

பாதி உறைந்த உலோகம் சிதறுவதில்லை. முன்விளிம்பு உடையாமல், காற்றை முன்னால் தள்ளிக்கொண்டே போகிறது. பாதி ஏற்கெனவே உறைந்திருப்பதால் அச்சுக்குள் சுருங்குவதும் குறைவு. அச்சு படும் சூடும் குறைவு. வார்ப்பு கொப்புளமின்றி, வலிமையேற்றும் அந்தச் சூடாக்கலை, அதாவது ஹீட் ட்ரீட்மென்ட்டை, தாங்குகிறது, வெல்டிங்குக்கும் ஒத்துக்கொள்கிறது. இத்தாலியின் ஸ்டாம்பல் நிறுவனம் இந்த முறையில் ஆல்ஃபா ரோமியோ காருக்குப் பின்புற சஸ்பென்ஷன் உறுப்பையே வார்த்தது.

ஆனாலும் தொழில் பரவவில்லை. முதல் தலைமுறை முறைக்கு, மின்காந்தத்தால் கலக்கி உறையவைத்த தனி உருளைக் கட்டிகள் (பிலெட்டுகள்) தேவை. அவற்றுக்குக் கூடுதல் விலை. உலோகம் அச்சுக்குச் செல்லும் வாய்க்காலில் (ரன்னர்) மிஞ்சும் கழிவை ஆலையிலேயே உருக்கி மீண்டும் பிலெட்டாக்கவும் வழியில்லை. சாதாரண உருக்கிலிருந்து மெஷின் பக்கத்திலேயே பாதி உறைந்த கூழைத் தயாரிக்கும் ரியோகாஸ்டிங்தான் இந்த முடிச்சை அவிழ்த்தது. கழிவு நேரே உலைக்கே திரும்பலாம்.

இங்கே ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பாணி. தாய்லாந்தின் ஜிஸ் முறையில் நுண்துளைகள் கொண்ட கிராஃபைட் வழியே வாயுக் குமிழிகளை விடுகிறார்கள். குமிழியே ஆற்றுகிறது, குமிழியே கலக்குகிறது. கனடாவின் சீட் முறையில் பாத்திரத்தைச் சுழற்றி, மிஞ்சிய திரவத்தை வடித்துவிடுகிறார்கள். ஸ்வீடனின் ரியோமெட்டல் முறைதான் எளிமையால் மனதை அள்ளுவது. அதே அலுமினியத்தின் சிறு திடத்துண்டைச் சுழலும் தண்டின் முனையில் மாட்டி அகப்பையில் இறக்குகிறார்கள். துண்டு சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக் கரைகிறது. கரைந்து முடியும்போது கூழ் தயார். எவ்வளவு ஆற்ற வேண்டும் என்று தனியே கணக்கிட வேண்டாம். துண்டின் எடையே அந்தக் கணக்கு.

2020இல் டெஸ்லா, மாடல் ஒய் காரின் பின்புற அடிச்சட்டத்தைப் பெரும் வார்ப்புகளாக்கத் தொடங்கியபோது வேறு வழியில் போனது. அவ்வளவு அகன்ற, மெல்லிய பாகத்தைச் சூடாக்கி நீரில் அமிழ்த்தினால் கோணிவிடும். அதனால் ஹீட் ட்ரீட்மென்ட்டே தேவைப்படாத கலவையைத் தேர்ந்தது. அங்கே அது சரி. ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்து, சாலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் அடிவாங்கும் சஸ்பென்ஷன் கை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள், ஷாக் அப்சார்பர் தாங்கி ஆகியவற்றுக்குப் பாதி உறைந்த அலுமினியமே ஏற்றது. தொடங்க விரும்பும் ஆலை இருக்கிற டை காஸ்டிங் மெஷினையே வைத்துக்கொள்ளலாம். உலோகம் அச்சுக்குள் நுழையும் வாயை (கேட்) தடிப்பாக்கி, பிஸ்டன் வேகத்தைத் தணித்து, ஒவ்வொரு அகப்பைக் கூழையும் அச்சுக்குள் விடும் முன் சூடு பார்க்கும் வழக்கத்தை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.