100 மதிப்பெண் வாங்கிய பக்கம்

சென்ற வாரம் தமிழில் இயங்கும் பேருந்து முன்பதிவுத் தளம் ஒன்றைச் சோதித்தேன். குரோம் உலாவிக்குள்ளேயே இருக்கும் லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவியை ஓடவிட்டதும் அணுகல்தன்மைக்கு 100 மதிப்பெண் வந்தது. பிறகு மவுஸைக் கழற்றிவிட்டு, டேப் விசையை மட்டும் அழுத்திக்கொண்டே போனேன். ஊர், தேதி, தேடல் பொத்தான் வரை தடையில்லை. இருக்கை வரைபடம் வந்தபோது டேப் விசையோடு நகரும் குறி அதைத் தொடாமலே தாண்டி, பக்கத்தின் அடியில் போய் நின்றது. மவுஸ் பிடிக்க முடியாதவருக்கு அங்கே டிக்கெட் கிடையாது.

இதற்கு லைட்ஹவுஸைக் குறை சொல்ல மாட்டேன். ஆக்ஸ்-கோர் என்ற சோதனைப் பொறியின் விதிகளில் ஒரு பகுதியைத்தான் அது ஓட்டுகிறது. படத்துக்கு மாற்று உரை இருக்கிறதா என்று பார்க்கும். அந்த உரை 'படம் 1' என்று மட்டும் இருந்தாலும் விட்டுவிடும்.

நிரல் தெரியாத ஆசிரியர் குழுவுக்கு வேவ் என்ற உலாவி நீட்சியைக் கொடுப்பேன். பிழைக் குறிகளைப் பக்கத்தின் மேலேயே ஒட்டிக் காட்டும். நிரலாளருக்கு ஆக்ஸ் நீட்சி. படத்தின் மேல் எழுத்து இருந்தால் தானாகத் தீர்ப்புச் சொல்லாமல், மனிதர் பார்க்கவேண்டியது என்று ஒதுக்கி வைக்கும் நேர்மை அதனிடம் உண்டு. நிற வேறுபாட்டைக் கண்ணால் கணிக்கவே வேண்டாம். சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1 என்ற கணக்கைக் கருவியே பார்த்துக்கொள்ளும்.

என்னை உலுக்கியது என்விடிஏ. பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய திரைவாசிப்பான் இது. விண்டோஸுக்கு இலவசம், கூடவே வரும் ஈஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. ஆனால் இந்தத் தளத்தைத் திறந்ததும் ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்க முயன்று திணறியது. நிரலின் தொடக்கத்தில் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று குறித்திருந்தார்கள். மொழிக் குறி இருக்கிறது, செல்லுபடியாகும் குறியும்கூட. அதனால் எந்தக் கருவியும் அதைப் பிழையாகக் காட்டவில்லை. டெவலப்பர் கருவியில் அந்த இரண்டெழுத்து மொழிக் குறியைத் தமிழுக்கு மாற்றினேன். குரல் தமிழுக்கு வந்தது. அந்த நிமிடம் எனக்கு மகிழ்ச்சியைவிட வருத்தமே அதிகம்; இத்தனை சின்னத் திருத்தத்துக்காக எத்தனை பேர் காத்திருந்தார்களோ!

நேரம் குறைவென்றால் முதலில் டேப் விசை, அடுத்து ஆக்ஸ், கடைசியில் என்விடிஏ. திரைவாசிப்பானை ஓட்டும்போது திரையை மறைத்துவிடுங்கள். அதற்கான திரைச்சீலை வசதி என்விடிஏவிலேயே இருக்கிறது. பார்த்துக்கொண்டே கேட்டால், காதுக்கு வராததைக் கண் நிரப்பிவிடும். தினமும் திரைவாசிப்பானைக் கேட்டே வேலை செய்யும் ஒருவருக்கு ஊதியம் கொடுத்து, உங்கள் தளத்தில் ஒரு டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள். குறுக்கே பேசாமல் அருகில் உட்கார்ந்திருங்கள்.