ஓசி என்றொரு சொல்

2022 செப்டம்பரில், எங்கள் மாவட்ட அரசியலில் நெடுங்காலம் இருந்துவரும், அப்போதைய அமைச்சர் க. பொன்முடி, பெண்களின் பேருந்துப் பயணத்தை ‘ஓசி’ என்றார். தமிழ் படித்தவள் என்பதால் அந்தச் சொல்லிலேயே நிற்கிறேன். கம்பெனியார் காலத்தில் அலுவல் கடிதங்களுக்கு அஞ்சல் கட்டணம் கேட்காததில் பிறந்த சொல் என்பார்கள். அப்படியானால் அது பிச்சையைக் குறித்ததே இல்லை. கணக்கு வேறிடத்தில் தீர்கிறது என்பதற்கான குறி அது.

இங்கும் கணக்கு தீர்கிறது. 2021 மே மாதம் ‘கட்டணமில்லாப் பயணம்’ வந்தபோதே, போக்குவரத்துக் கழகங்களுக்கு ஆண்டுக்கு ரூ.1,200 கோடி ஈடு என்று அரசு அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த உறவை 1370/2007 என்ற ஒழுங்குமுறையில் சட்டமாகவே எழுதியிருக்கிறது. லாபம் மட்டும் பார்த்தால் ஒரு நிறுவனம் ஏற்காத சேவையை அதன்மேல் சுமத்தலாம், அதற்கு ஈடும் தரலாம். அங்கே அதன் பெயர் பொதுச் சேவைக் கடமை. கடமை வண்டி ஓட்டும் நிறுவனத்தின்மேல் விழுகிறது. ‘ஓசி’யோ வண்டியில் ஏறுகிறவள் தலையில்.

நம்முடையது அரசாணை, சட்டமல்ல. ஓர் ஆணை தந்ததை இன்னோர் ஆணை எடுத்துவிடலாம். அதுவும் பெரும்பாலும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்குத்தான். திண்டிவனம்–புதுச்சேரி சாலையில், கிளியனூர் நிறுத்தத்தில், தூரத்து வண்டியின் பலகையைப் படித்தபடி நிற்கிறோம். புறநகர் வண்டி என்றால் முந்தானை முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

திட்டத்துக்கு ‘விடியல் பயணம்’ என்று பெயர். மரக்காணம் உப்பளத்தில் வெயிலேறுமுன் வேலை தொடங்கிவிடும். விடியுமுன் எத்தனை வண்டி? ‘ஓசி’யில் வருகிறவள் இதைக் கேட்க மாட்டாள் என்றுதான் அந்தச் சொல்லை அவள்மேல் போடுகிறார்கள்.