ஹூலாவைப் பகிர்தல்: மிஷனெரியின் மகன் எழுதிய நூலும் அது எழுப்பும் வினாவும்

அமெரிக்க நாட்டு ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் மக்களினவியல் பணியகம் 1909ஆம் ஆண்டில் ஆங்கில நூல் ஒன்றை வெளியிட்டது. ‘எழுதப்படாத ஹவாய் இலக்கியம்: ஹூலாவின் புனிதப் பாடல்கள்’ என்பது அதன் தலைப்பின் பொருள். ஆசிரியர் நத்தானியேல் எமர்சன் (1839-1915) ஒரு மருத்துவர். ஓவாஹு தீவில் ஊழியஞ்செய்த அமெரிக்க மிஷனெரி ஒருவரின் மகன். தந்தையாரின் தலைமுறை பாவமென்று விலக்கிய ஆடலின் பாடல்களை மகன் அரிதின் முயன்று தொகுத்தார் என்பதே இந்நூலை நாம் கருத்தூன்றி நோக்கப் போதிய காரணமாகும்.

இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அயலானதன்று. 1816இல் யாழ்ப்பாணத்திலும் 1834இல் மதுரையிலும் பணி தொடங்கிய அதே அமெரிக்க மிஷன் சங்கமே 1819இல் ஹவாய்த் தீவுகளுக்கும் தன் ஊழியரை அனுப்பியது. ஆகவே ஹவாயில் எழுந்த வினா நம் வாசற்படியிலும் நிற்கிறது. ஒரு சமூகத்தின் மரபில் பங்குகொள்ளுதல் என்பது யாது?

1. விலக்கப்பட்ட ஆடல்

ஹூலா என்றவுடன் கடற்கரை விடுதிகளில் பயணிகளுக்குக் காட்டப்படும் கேளிக்கையே பலர் நினைவுக்கு வருகிறது. உண்மையில் ஹூலாவின் உயிர்நிலை சொல்லாகும். ‘மெலே’ எனப்படும் பாடலே முதன்மையானது. கையும் காலும் கண்ணும் அச்சொல்லுக்குப் பொருள் உரைக்கின்றன. சுறாமீன் தோல் போர்த்த முரசும் சுரைக்குடுக்கையும் அதற்குத் தாளம் தருகின்றன. எழுத்து வழங்காத அந்நாளில் மன்னர் குலமுறை, நிலத்தின் பெயர்கள், தெய்வக் கதைகள், காதல், இரங்கல் யாவும் இப்பாடல்களிலும் ஓதல்களிலும் வாழ்ந்தன.

1819இல் முதலாம் கமேஹமேஹா மன்னர் மறைந்தபின், அவருடைய மகனும் அரசியரும் ‘கபு’ என்னும் பழைய விலக்குமுறையைத் தாமாகவே நீக்கினர். மறு ஆண்டில் வந்திறங்கிய மிஷனெரிமார் ஹூலாவில் ஒழுக்கக்கேட்டையும் பிற தெய்வ வணக்கத்தையும் கண்டனர். 1825இல் திருமுழுக்குப் பெற்ற கஅஹுமானு அரசியார் 1830இல் பொதுவிடங்களில் ஹூலா ஆடுவதைத் தடைசெய்தார். தடையை விதித்தவர் ஹவாய் அரசியே என்பதையும், ஹூலாப் பள்ளியில் லாக்கா தெய்வத்துக்குப் பீடம் இருந்தது என்பதையும் நடுநிலையோடு நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும். மிஷனெரிமாரின் அச்சம் முழுதும் ஆதாரமற்றதன்று.

எனினும் மறுபக்கத்தையும் பார்ப்போம். அதே மிஷனெரிமார் ஹவாய் மொழிக்கு எழுத்து வடிவம் அமைத்தனர். 1839இல் வேதாகமம் முழுவதும் அம்மொழியில் நிறைவுற்றது. கீர்த்தனைகளை அம்மக்கள் விரும்பி ஏற்றுத் தமதாக்கிக்கொண்டனர். கவையஹாவோ ஆலயப் பாடகர் குழுவை நடத்திய லிலியுகலானி, பின்னர் அரசியாகி, 1893இல் ஆட்சி பறிக்கப்பட்டு, 1895இல் தம் அரண்மனையிலேயே சிறைவைக்கப்பட்டபோதும் ஒரு மன்றாட்டுப் பாடல் இயற்றினார். திருச்சபை கொடுத்ததை ஹவாய் மக்கள் பெற்றனர். அவர்கள் கொடுக்க இருந்ததையோ திருச்சபை பெறவில்லை. ஐக்கியம் என்னும் சொல்லை நாம் எளிதில் வழங்குகிறோம். ஒரு சாரார் மட்டுமே கொடுத்துக்கொண்டிருக்கும் உறவை அச்சொல்லால் அழைக்க இயலுமா?

2. நூலின் சிறப்பும் குறையும்

எமர்சனின் பெருமை, ஹூலாவைச் சமய வழிபாடாகக் கண்டுகொண்டதில் இருக்கிறது. அதில் கவிதையும் இசையும் அபிநயமும் ஒன்றுகூடின என்பதையும், மேனாட்டாருக்கு நாடகமும் இசையரங்கும் செய்த பணியை அது அம்மக்களுக்குச் செய்தது என்பதையும் அவர் தம் நாட்டாருக்கு உணர்த்தினார். பள்ளியின் அமைப்பு, பீடம், மாணவர் கைக்கொள்ளும் விலக்குகள், ஆடலின் பற்பல வகைகள் ஆகியவற்றை முறையாக விளக்கி, பாடல்களை ஹவாய் மொழி மூலத்துடனும் ஆங்கிலப் பெயர்ப்புடனும் தந்தார். இத்தொகுப்பு இல்லையேல் பல பாடல்கள் நமக்கு எட்டியிரா. இந்நன்றியை யாரும் மறுக்க இயலாது.

ஆயினும் இரு குறைகள் சுட்டத்தக்கன. முதலாவது, ஹூலாவை அவர் பெரும்பாலும் கடந்தகாலத்திலேயே பேசுகிறார். அவர் உள்ளத்தில் அது மறைந்துகொண்டிருக்கும் ஒரு பண்டைப்பொருள். ஆனால் அவர் எழுதிய அந்நாளிலும் அது குடும்பங்களுக்குள் வாழ்ந்துகொண்டிருந்தது. காவாய் தீவு மரபைச் சேர்ந்த கெஅஹி லுவஹினே என்னும் மூதாட்டி, பின்னாளில் ஹவாய் அகராதியை உருவாக்கியோருள் ஒருவரான மேரி கவேனா புக்குயிக்கும் (1895-1986), பெரும்புகழ் பெற்ற ஆடற்கலைஞர் இயோலானி லுவஹினேக்கும் அதைக் கையளித்தார்.

இரண்டாவது குறை ஆழமானது. நூலுக்குத் தேவைப்பட்டது பாடம்; பள்ளிக்குத் தேவைப்பட்டதோ மாணவர். பாடல் ஏட்டில் ஏறியபோது, அதை யார் யாருக்குக் கொடுக்கலாம், எப்போது பாடலாம் என்னும் பொறுப்பு அதனோடு ஏறவில்லை. ஹவாய்ப் பாடல்களில் வெளிப்பொருளின் கீழ் ‘கவோனா’ எனப்படும் மறைபொருள் உண்டு. அதை ஆசிரியர் தக்க காலத்தில், தக்க மாணவருக்கே திறந்துகாட்டுவார். அழகிய ஆங்கிலப் பெயர்ப்பு அம்மறைவைத் திறந்துவிட்டதுபோன்ற மயக்கத்தையே தருகிறது.

3. வாசலில் நின்று கேட்டல்

ஹூலாப் பள்ளியின் பெயர் ‘ஹாலாவ்’. ஆசிரியர் ‘குமு ஹூலா’. மாணவர் நினைத்தவுடன் உள்ளே நுழைந்துவிடுவதில்லை. வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே வர இசைவு வேண்டி ஓதுகின்றனர். ஆசிரியர் உள்ளிருந்து மறுமொழி ஓதியபின்னரே காலெடுத்து வைக்கின்றனர். ஆடலுக்குரிய தழையையும் மலரையும் காட்டில் வேண்டுதலோடு பறிக்கின்றனர். நெடுநாள் பயிற்சிக்குப்பின் ‘ஊனிகி’ என்னும் சடங்கினால் தகுதிபெறுவோர் தமக்குக் கற்பித்தவரையும் அவருக்குக் கற்பித்தவரையும் பெயர்சொல்லி நினைவுகூர்கின்றனர். அறிவு முழுவதும் ஒரே பள்ளியில் அடங்கிவிடவில்லை என்னும் பொருள்பட அவர்களிடையே ஒரு முதுமொழியும் உண்டு. ஆகவே ஒருவர் தம் மரபைக் காப்பதும் பிறர் மரபை மதிப்பதும் அங்கே முரண்படுவதில்லை.

1970களில் ஹவாய்ப் பண்பாடு மறுமலர்ச்சி பெற்றது. கத்தோலிக்கரான மைக்கி அயு லேக் என்னும் அம்மையார் ஆசிரியர்களையே உருவாக்கும் வகுப்பொன்றை நடத்தினார். அங்குப் பயின்றோர் தனிப் பள்ளிகள் நிறுவினர். 1971 முதல் ஹிலோ நகர் விழாவில் ஹூலாப் போட்டி நடைபெற்று வருகிறது. அவ்விழா உயிர்த்தெழுதல் திருநாளன்று தொடங்குவது கிறிஸ்தவர்க்குச் சிந்தனை தரும். மறுபுறம், 1937 முதல் 2002 வரை வைக்கீக்கியில் நிழற்படக் குழுமம் ஒன்றின் பெயரால் பயணிகளுக்கென ஒரு ஹூலாக் காட்சி நடந்தது. அங்கே கூடியோர் படம் எடுத்தனர், பாடம் கேட்கவில்லை. பகிர்தல் என்பது கதவை எல்லாருக்கும் அகலத் திறந்துவிடுதல் அன்று என்பதை உணர்ந்தே ஹூலா ஆசிரியர் பலர் 2021இல் ஒன்றுகூடி, அக்கலையின் தூய்மையையும் பாதுகாப்பையும் குறித்து ஒரு கூட்டறிக்கை வெளியிட்டனர். எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவுசெய்யும் உரிமை கொடுப்பவருக்கே உரியது.

4. திருச்சபைக்குரிய வினா

2 சாமுவேல் ஆறாம் அதிகாரத்தில், உடன்படிக்கைப் பெட்டியின்முன் ஆடும் தாவீதை மீகாள் பலகணி வழியாகப் பார்த்து இகழ்கிறாள். அவள் இகழ்ச்சிக்கு அவள் நின்ற இடமும் ஒரு காரணம். பலகணியிலிருந்து பார்ப்பவருக்கு உடலின் அசைவு தெரியும். பாடலின் சொல் கேளாது. ஹவாயில் மிஷனெரி கண்டித்தார், பயணி இரசித்தார், அறிஞர் குறிப்பெடுத்தார். மனநிலைகள் வேறாயினும் மூவரும் பலகணியில் நின்றவரே. எமர்சன் மற்ற இருவரைவிட நெடுநேரம் அன்போடு நின்றார். அதுவே அவர் நூலின் மதிப்பு. அதுவே அதன் எல்லை.

அமெரிக்க மிஷனின் வழித்தோன்றலான ஐக்கிய கிறிஸ்து சபை, ஹவாய் அரசு கவிழ்ந்ததில் தன் முன்னோர்க்கிருந்த பங்கிற்காக 1993இல் அம்மக்களிடம் மன்னிப்புக் கோரியது. இது போற்றற்குரியது. ஆனால் மன்னிப்புக் கோரியவர் அடுத்துச் செய்யவேண்டியது மாணவராவதே. லாக்காவையும் பெலேயையும் பாடும் பாடல்களை ஒரு கிறிஸ்தவர் எவ்வாறு ஏற்பது என்னும் இடர்ப்பாடு மெய்யானது. அதை மழுப்புதல் நேர்மையாகாது. ஹவாய்க் கிறிஸ்தவர் சிலர் கீர்த்தனைகளுக்கே ஹூலா ஆடி வழிபடுகின்றனர். சிலர் பழம் பாடல்களை முன்னோரின் நினைவாகப் போற்றுகின்றனர். சிலர் விலகி நிற்கின்றனர். இதைப் பகுத்தறிந்து முடிவுசெய்ய வேண்டியவர் அவர்களே. வெளியிலிருந்து தீர்ப்புரைத்தல் பழைய பிழையை மீண்டும் செய்வதாகும்.

நம் இறையியல் மாணவரும் சிற்றூர்களுக்குச் சென்று நாட்டுப்பாடல்களைக் கேட்கின்றனர், பதிவுசெய்கின்றனர், ஆய்வேடு எழுதுகின்றனர். நல்ல முயற்சிதான். அப்பாடல்களைத் தந்தவரிடம் நாம் இசைவு கேட்டோமா? ஆய்வேடு முடிந்தபின் அவர் வீட்டு வாசலை மீண்டும் மிதித்தோமா? நற்செய்தியைக் கொண்டுசெல்வோர் வெறுங்கையோடு அமர்ந்து கற்கவும் அறியவேண்டும். எமர்சனின் நூலை நன்றியோடு வாசிப்போம். அவர் நின்றுவிட்ட இடத்தில் நாமும் நின்றுவிடாதிருப்போமாக.