சீசரின் தலைமேல் ஒரு துருக்கியர்

மத்ரித் அரண்மனையின் ஆயுதசாலையில் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் கவசங்கள் பல பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அவற்றுள் ஓர் எஃகுத் தலைக்கவசம் நம் தனிக் கவனத்திற்குரியது. மிலான் நகரின் நெக்ரோலி குடும்பத்தைச் சேர்ந்த பிலிப்போவும் பிரான்செஸ்கோவும் 1545ஆம் ஆண்டில் அதைச் செய்து, தம் பெயரையும் அதில் பொறித்தனர். அதன் உச்சியில் முன்னிருந்து பின்னாக ஓடும் முகடு, சிறைப்பட்ட ஒரு துருக்கிய வீரரின் உடல். அவருடைய நீண்ட மீசையை நெற்றிப் பகுதியிலுள்ள இரு பெண்ணுருவங்கள் இருபுறமும் பற்றியிருக்கின்றன. ஒருத்தி புகழ், மற்றவள் வெற்றி. வெல்லப்படாத சீசரை விளித்துப் போற்றும் ஓர் இலத்தீன் வாசகமும் உண்டு.

இதைக் காணும் முஸ்லிம் வாசகருக்கு முதலில் எழுவது வெறுப்பே. ஐரோப்பியக் கலை வரலாற்றாசிரியர்களோ பெரும்பாலும் தொழில்நுட்பத்தையே வியந்து பேசிக் கடந்துவிடுகின்றனர். இவ்விரண்டுமே போதா என்பது நமது கருத்து. பொருள் இழிவானது என்பதால் கவிதையின் செய்நேர்த்தி குறைந்துவிடாது; மரம் மட்டமானது என்பதற்காகத் தச்சனைப் பழிக்க இயலாது என்பது ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் குதாமா இப்னு ஜஅஃபர் வகுத்த அளவுகோல். முதலில் அந்த நீதியை நெக்ரோலிகளுக்கும் வழங்குவோம்.

வெள்ளியிலும் செம்பிலும் புடைப்புருவம் எழுப்புவது எளிது. எஃகு அவ்வாறு இணங்குவதன்று. தகட்டை மீண்டும் மீண்டும் சூடேற்றி, உட்புறமிருந்து தட்டித் தட்டி உருவத்தை வெளியே எழுப்ப வேண்டும். தகடு மெலிந்த இடத்தில் ஓர் அடி மிகுந்தாலும் விரிசல் விழும். அத்தகைய உலோகத்தில் மீசையின் வளைவையும் பெண்ணுடலின் மென்மையையும் கொண்டுவந்த கைகளை மெச்சாதிருக்க இயலாது. அக்குடும்பத்துப் பட்டறையில் எஃகின்மேல் பொன்னிழை பதிக்கும் வேலையும் நடந்தது. அக்கலையை ஐரோப்பியர் திமிஷ்கின் பெயரால் வழங்கினர். வெனிஸ் நகரத்தார் 'அஸ்ஸிமினா' என்றனர். இது 'அஜமி' என்னும் அரபுச் சொல்லின் திரிபு. அரபியில் 'தக்ஃபீத்' எனப்படும் இக்கலைக்குக் கெய்ரோவில் தனிக் கடைவீதியே இருந்ததையும், தம் காலத்தில் அது நலிந்ததையும் ஹி. 845இல் (கி.பி. 1442) மறைந்த மக்ரீஸி பதிவு செய்துள்ளார். துருக்கியரை இழிவுபடுத்திய தொழிற்குடும்பம் பொன் பதித்த முறையின் பெயரிலேயே டமாஸ்கஸ் ஒலிக்கிறது!

இனிப் பொருளுக்கு வருவோம். இது புகழ்ச்சியும் (மத்ஹ்) வசையும் (ஹிஜா) ஒருங்கே அமைந்த படைப்பு. வசை என்பது எதிரியின் அறிவு, வீரம், நீதி, கற்பொழுக்கம் ஆகியவற்றை மறுப்பதாக இருக்க வேண்டும். உடற்குறைகளைச் சுட்டுவது சிறந்த வசையாகாது என்பதும் குதாமாவின் கொள்கையே. இங்கோ பிடிபட்டது மீசை. புகழ்ச்சியாவது நிறைந்ததா என்றால், சீசர் எங்கே? துருக்கியரைப் பிடித்திருப்பவர்கள் இரண்டு பெண்கள். பேரரசர் கீழே தலையைக் கொடுத்து நிற்கிறார். அவருடைய வீரத்திற்கு இச்சிற்பத்தில் ஒரு வேலையும் இல்லை. சிற்பி அறியாமலே உண்மை சொல்லிவிட்டாரோ என்று நமக்குத் தோன்றுகிறது.

1535 ஜூலையில் (ஹி. 942 முஹர்ரம்) சார்லஸ் கைருத்தீன் பர்பரோஸாவிடமிருந்து தூனிஸைக் கைப்பற்றினார்; நகரம் சூறையாடப்பட்டது. ஆனால் இக்கவசம் செய்யப்பட்டது பத்தாண்டுகள் கழித்து. இடையில் 1541இல் அல்ஜியர்ஸ் முற்றுகை புயலில் சிக்கிப் படுதோல்வியுற்றது. அதே ஆண்டில் சுல்தான் சுலைமான் புதா நகரைத் தமதாக்கினார். கவசம் செய்த இரண்டாம் ஆண்டில், 1547இல், சார்லஸின் தம்பி ஃபெர்டினாண்ட் ஆண்டுதோறும் முப்பதாயிரம் பொற்காசுகள் சுல்தானுக்குச் செலுத்த உடன்பட்டார். எஃகில் மீசை பிடிபட்டிருந்த நாட்களில், மெய்யுலகில் பணப்பைதான் கைமாறியது.

இக்கவசம் போருக்கு ஆனதுமன்று. வழுவழுப்பான பரப்பில் வாளும் ஈட்டியும் சறுக்கிச் செல்லும். புடைப்புகளில் அவை மாட்டிக்கொள்ளும். இது ஊர்வல ஆடம்பரம். 1547 ஏப்ரல் 24இல் மூல்பெர்க் போர்க்களத்தில் சார்லஸ் பூண்ட கவசம் வேறு. ஆக்ஸ்பர்க் நகரத்து டெசிடேரியுஸ் ஹெல்ம்ஷ்மித் 1544இல் செய்தது. மறுஆண்டு திஷியன் வரைந்த குதிரையேற்ற ஓவியத்தில் அதைக் காணலாம். அக்களத்தில் அவர் வென்றது துருக்கியரையன்று. தம் பேரரசிலேயே இருந்த புரட்டஸ்டண்ட் கிறிஸ்தவச் சிற்றரசர்களை.

நம்மவர் இத்தகைய ஆடம்பரத்திலிருந்து விலகி நின்றனர் என்று சொல்ல வரவில்லை. 1532இல் சுலைமானுக்காக வெனிஸ் பொற்கொல்லர்கள் ஒரு தலைக்கவசம் செய்தளித்தனர். வாங்குவதில் முன்னின்றவர் வஸீர் இப்ராஹீம் பாஷா. அதில் சிறைப்பட்ட மனிதர் எவரும் இல்லை. ஆனால் போப்பின் முடியில் மூன்று கிரீடங்கள் இருக்க, இதில் நான்கு. அந்தப் பொற்கவசம் இன்று இல்லை. அதைச் சூடிய சுலைமானாக 1535இல் அகொஸ்தினோ வெனெஸியானோ செதுக்கிய அச்சோவியம் எஞ்சியிருக்கிறது.