வினவுவோரும் விடை பகர்வோரும்: அமெரிக்க அடிமைமுறைச் சாட்சியங்கள் பற்றிய ஒரு நோக்கு

வாய்மொழிச் சான்றுகளைக்கொண்டு சமூக வரலாற்றையும் மக்கள் இலக்கியத்தையும் ஆராய முற்படுவோர் எதிர்கொள்ளும் முதல் வினா, தகவலாளி உண்மை கூறுகிறாரா என்பதாகும். வினா நியாயமானதே. ஆயின், அது பெரும்பாலும் தகவலாளியின் நினைவாற்றலையும் நேர்மையையும் பற்றிய ஐயமாகவே எழுப்பப்படுகின்றது. அவர் யாருக்கு, எந்நிலையில் விடை பகர்ந்தார் என்பது அருகியே கேட்கப்படுகின்றது. இக்குறைபாட்டை விளங்கிக்கொள்வதற்கு, ஐக்கிய அமெரிக்காவின் முன்னாள் அடிமைகளிடம் திரட்டப்பட்ட சாட்சியங்கள் தக்க எடுத்துக்காட்டாக அமைகின்றன.

1929 இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தின் விளைவாக வேலையிழந்த எழுத்தாளர்க்குத் தொழில் வழங்கும் பொருட்டு, அமெரிக்க அரசு கூட்டாட்சி எழுத்தாளர் திட்டத்தை உருவாக்கியது. அதன்கீழ் 1936 முதல் 1938 வரை 17 மாநிலங்களில் 2,300 இற்கும் மேற்பட்டோரின் கூற்றுக்கள் பதிவு செய்யப்பட்டன. அவர்களுட் பெரும்பாலோர் எண்பது வயதைக் கடந்தவர்கள். 1865 இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது சிறுவராக இருந்தவர்கள். செவ்வி கண்டோருட் பெரும்பான்மையினர் தென்மாநில வெள்ளையர். ஜோர்ஜ் றோவிக் 1972 இலிருந்து இச்சாட்சியங்களைப் பல தொகுதிகளாக வெளியிட்டதைத் தொடர்ந்தே அவை ஆய்வுலகிற் பரவலாகப் பயிலப்பட்டன.

இத்தொகுதிகளிற் பல கூற்றுக்கள் ஆண்டானின் அன்பையும் வயிறார உண்ட காலத்தையும் நினைவுகூருகின்றன. இவற்றை அப்படியே ஏற்பின், அடிமைமுறை தந்தைவழிப் பரிவு நிறைந்த ஓர் ஏற்பாடாகத் தோன்றும். இம்மயக்கத்தைத் தெளிவிக்கத் தென் கரோலைனாவின் சார்ள்ஸ்ரன் நகரில் வாழ்ந்த சூசன் ஹம்லின் என்ற மூதாட்டியின் கூற்றுக்களே போதும். 1937 இல் அவரை ஜெசி பட்லர் என்ற வெள்ளையினப் பெண்மணியும், ஓகஸ்ரஸ் லாட்சன் என்ற கறுப்பினத்தவரும் தனித்தனியே செவ்வி கண்டனர். பட்லரின் பதிவில் ஆண்டான் நல்லவர். அவர் குடும்பத்தாரும் நல்லவர்கள். லாட்சனின் பதிவிலோ கசையடியும், பிள்ளைகள் விற்கப்படத் தாய்மார் கதறுவதும் மேலோங்கி நிற்கின்றன. பேசியவர் ஒருவரே. பட்லர் தாமறியாமலே இவ்வேறுபாட்டிற்கான திறவுகோலையும் பதிந்துள்ளார்: தாம் நிவாரண அலுவலகத்திலிருந்து வந்திருப்பதாக மூதாட்டி எண்ணினார் என்று அவர் எழுதுகிறார். ஒருவேளை உணவு வெள்ளையரின் கையொப்பத்தில் தங்கியிருந்த காலத்தில், வெள்ளையரிடம் வெள்ளையரைப் பழிப்பது எளிதன்று.

இது தனியொருவர் பற்றிய செய்தியன்று. செவ்வி கண்டோரின் இனத்திற்கேற்பக் கூற்றுக்கள் வேறுபடுவதைப் போல் எஸ்கொற் 1979 இல் வெளியான தமது நூலிற் புள்ளிவிபரங்களுடன் எடுத்துக்காட்டினார். மாநிலங்களிலிருந்து தலைநகருக்கு அனுப்பப்படாது விடப்பட்ட பதிவுகளை றோவிக் பின்னர் தனித் தொகுதிகளாக வெளிக்கொணர்ந்தார். வாக்குமூலம் எனப்படுவது நாவிலிருந்து நேரே அச்சுக்கு வருவதன்று. வினா, பதிவு, திருத்தம், தெரிவு என்ற படிகளைக் கடந்தே வருகின்றது.

அங்ஙனமாயின் இச்சாட்சியங்களை ஒதுக்கிவிடலாமா? ஒதுக்கினால் எஞ்சுவன பெரும்பாலும் ஆண்டான்மாரின் கணக்கேடுகளும் கடிதங்களுமே. அவையும் ஒரு வர்க்கத்தின் கூற்றுக்கள் என்பதை மறத்தலாகாது. இரு பதிவுகளும் சமமானவை, உண்மை அறியப்படாதது என்று கைவிரிப்பதும் திறனாய்வாகாது. பேசுவோர்க்கு நயம் தரக்கூடிய கூற்றையும், நயமேதுமின்றித் தீங்கு தரக்கூடிய கூற்றையும் ஒரே தட்டில் வைத்தல் பொருந்தாது. மேலும், ஆண்டான் நல்லவனா என்ற வினாவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் உபசார மொழியே. என்ன உண்டீர்கள், எங்கே உறங்கினீர்கள், எவர் விற்கப்படக் கண்டீர்கள் என்ற வினாக்களுக்கோ புகழ்மொழிகளுக்கிடையிலும் வாழ்வின் மெய்ந்நிலை வெளிப்பட்டுவிடுகின்றது. புகழ்மொழியும் பயனற்றதன்று. அச்சம் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

ஈண்டு, 1880 இல் பிரான்சியத் தொழிலாளர்க்கென மார்க்ஸ் வகுத்த வினாக்கொத்து மனங்கொளத்தக்கது. வேலை நேரம், கூலி, விபத்து, வாடகை எனப் பருமையான விபரங்களையே அது பெரிதும் வினவியது. விடையளிப்போரின் பெயர் அவர்தம் அனுமதியின்றி வெளியிடப்படாது என்றும் உறுதியளித்தது. கிடைத்த விடைகள் மிகச் சிலவே. ஆயினும், தம் துன்பத்தைத் தாமே அறிந்து கூறவல்லவர் தொழிலாளர் என்ற நிலைப்பாடு அதன் அடித்தளமாயிருந்தது. வினவப்படுவோர் அங்கு ஆய்வுப் பொருள்களல்லர், அறிவோர்.

எனவே, உண்மையான விடைகளைப் பெறுவது உத்தி சார்ந்த பிரச்சினை மட்டுமன்று. உறவு சார்ந்த பிரச்சினையுமாகும். மக்களிடம் கேட்டறிந்தவற்றை அச்சேற்றும் நாம், விடையோடு வினாவையும், வினவியவர் யார், உடனிருந்தோர் யாவர், அவர்களிடம் தகவலாளி அஞ்சவோ எதிர்பார்க்கவோ ஏதுமிருந்ததா என்பனவற்றையும் சேர்த்தே பதிதல் வேண்டும். தகவலாளியின் நேர்மையை அளப்பதற்கு முன் அளக்கப்படவேண்டியது, அவர் நேர்மையாகப் பேசுவதற்கு நாம் அளித்த பாதுகாப்பேயாகும்.